தைராய்டு மாத்திரையோட கடற்பாசி கேப்சூலும் எடுக்கலாமா? 200 வருஷத்துக்கு முந்தைய ஊதாப் புகையின் கதை

தைராய்டுக்கு தினமும் மாத்திரை எடுப்பவர்களில் சிலர், இயற்கையானதுதானே என்று கெல்ப் எனப்படும் கடற்பாசி கேப்சூலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனா அந்த கேப்சூலுக்குள்ள இருக்கிற முக்கியமான சரக்கு அயோடின். அதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. வெடிமருந்துக்கு உப்பு காய்ச்சிய ஒரு பிரெஞ்சுக்காரர்.

யார் இந்த பெர்னார்ட் கூர்த்வா?

1777-ல் பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு வெடியுப்பு தயாரிக்கும் தொழில். மருந்துக்கடையில் வேலை பழகி, பாரிஸ் வேதியியல் ஆய்வகங்களில் உதவியாளராக இருந்துவிட்டு, கடைசியில் கூர்த்வாவும் குடும்பத் தொழிலுக்கே வந்துசேர்ந்தார்.

அது நெப்போலியன் காலம். வெடிமருந்துக்கு வெடியுப்பு எவ்வளவு இருந்தாலும் பத்தாது. அதைத் தயாரிக்க மரச்சாம்பல் வேணும், ஆனா மரம் தட்டுப்பாடு. அதனால் நார்மண்டி, பிரிட்டனி கடற்கரைகளில் கடற்பாசியை எரித்து எடுத்த சாம்பலுக்கு மாறினார்கள்.

புகை வந்தது எப்படி?

சாம்பல் கரைசல் காய்ச்சும் செம்புப் பாத்திரங்கள் அரித்துக்கொண்டே போயின. 1811 கடைசியில் ஒருநாள், படிவைச் சுத்தம் செய்ய கூர்த்வா கந்தக அமிலத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டார். குப்பென்று ஊதா நிற ஆவி கிளம்பியது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் பளபளக்கும் கறுப்புப் படிகங்களாக ஒட்டிக்கொண்டது. பூனை ஒண்ணு குப்பியைத் தட்டிவிட்டதுன்னு ஒரு கதையும் உண்டு. கேட்க நல்லா இருக்கு, அவ்வளவுதான்.

புதுப் பொருள் என்று சந்தேகம் வந்தது. ஆனால் ஆராய பணம் இல்லை. மாதிரிகளை நண்பர்களிடம் கொடுத்தார். அவர்கள் மூலம் 1813-ல் விஷயம் வெளியே வந்தது. அதைத் தனிமம் என்று நிறுவுவதில் கே-லூசாக், ஹம்ப்ரி டேவி என்ற இரண்டு பெரிய விஞ்ஞானிகளுக்கு நடுவே போட்டி. கண்டுபிடித்தவர் கூர்த்வாதான் என்பதை மட்டும் இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள்.

மருந்தானது எப்போது?

கழுத்துக் கழலைக்கு, எரித்த கடற்பஞ்சு சாம்பல் கொடுப்பது ஐரோப்பாவில் பழைய வைத்தியம். அதில் வேலை செய்வது அயோடினாகத்தான் இருக்கணும் என்று ஊகித்த ஜெனீவா மருத்துவர் ழான் பிரான்சுவா குவாந்தே, 1820-ல் நோயாளிகளுக்கு நேரடியாக அயோடினையே கொடுத்தார். பலருக்குக் கழலை சுருங்கியது. சிலருக்கோ நெஞ்சு படபடப்பு, நடுக்கம், உடல் மெலிவு.

இன்றைக்கும் சிக்கல் அதேதான். அயோடினை வைத்துத்தான் தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 150 மைக்ரோகிராம். கெல்ப் கேப்சூலில் இது பல மடங்கு இருக்கலாம், பாசிக்குப் பாசி அளவும் மாறும். அளவு மீறினால் சிலருக்குச் சுரப்பி மந்தமாகும், சிலருக்கு தறிகெட்டு ஓடும்.

லெவோதைராக்ஸின் எடுப்பவருக்கு டிஎஸ்ஹெச் அளவு ஏறி இறங்கும். காரணம் கேப்சூல் என்று தெரியாத டாக்டர் மாத்திரை டோஸை மாற்றிக்கொண்டே இருப்பார். கார்பிமசோல் எடுப்பவருக்கும் சிகிச்சைக் கணக்கு தப்பும். கேப்சூலில் கால்சியம், இரும்புச்சத்து கலந்திருந்தால் தைராய்டு மாத்திரை சரியாக உடம்பில் சேராது. அதனால்தான் இவற்றுக்கு நடுவே 4 மணி நேர இடைவெளி விடச் சொல்கிறார்கள். கேப்சூல் எடுப்பவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லணும். டப்பாவையே கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது.

சரி, கூர்த்வா என்ன ஆனார்?

போர் முடிந்தது. வெடியுப்பு வியாபாரம் படுத்தது. 1820-களில் அயோடின் தயாரித்து விற்றுப் பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. 1831-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி 6,000 பிராங்க் பரிசு கொடுத்தது. கண்டுபிடித்து 20 வருஷம் கழித்து. 1838-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். குவாந்தே காட்டிய வழியில் அயோடின் அப்போதே மருந்தாகப் பரவியிருந்தது.