கடலில் முடிவெடுக்கக் கற்றுத்தந்த இப்னு மாஜித்

மாலுமிகளின் ஆசானாக நாம் அறியும் அஹ்மத் இப்னு மாஜித், 15ஆம் நூற்றாண்டில் இன்றைய ராஸ் அல் கைமா பகுதியிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் மாலுமிகளே.

அன்று நட்சத்திரத்தின் உயரத்தை விரற்கடையால் அளந்தே கப்பல் எவ்வளவு வடக்கில், தெற்கில் நிற்கிறது என்று கணித்தார்கள். அதை மட்டும் நம்பினால் கப்பலும் உயிர்களும் போய்விடலாம். எனவே பருவக்காற்று, நீரின் நிறம், பறவைகள், கடற்பாம்புகள் என எல்லா அடையாளங்களையும் சேர்த்தே எடைபோட்டார்கள். இந்த அறிவை அவர் 1490 வாக்கில் ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலில் தொகுத்தார்.

வாஸ்கோடகாமாவுக்கு 1498இல் வழிகாட்டியவர் இவரே என்ற பழியை ஆய்வாளர்கள் பலர் இன்று ஏற்பதில்லை.

ஆம், இல்லை என்பவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளையும் கணக்கில் எடுக்கும் ‘ஃபஸி லாஜிக்’ முறை இன்று கப்பல் துறையில் பயன்படுகிறது. அரைகுறைத் தகவல்களை வைத்தே நிதானமாக முடிவெடுக்கும் பக்குவம் அன்றே இருந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.