ஆக்சிஜனைக் கையசைத்து மறுத்த ரமணர்... நம்மால் கையசைக்கவும் முடியாமல் போனால்? 'லிவிங் வில்' எழுதுவது எப்படி?

கடைசி காலத்தில் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்? இதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்தான் 'லிவிங் வில்'. அப்படி ஒரு பெயரே இல்லாத காலத்தில், தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்தவர் ரமண மகரிஷி.

திருச்சுழி டூ திருவண்ணாமலை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில், 1879 டிசம்பர் 30-ல் பிறந்தார் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீல். 1892-ல் அவர் இறந்ததும், மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார்.

1896-ல், 16 வயதில், திடீரென மரண பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் ஓடவில்லை. பிணம் போலப் படுத்து, சாவது உடம்பா, நானா என்று தனக்குள் விசாரித்தார். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை சேர்ந்தார். கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டார்.

கையில் வந்த கட்டி

1949 தொடக்கத்தில் இடது முழங்கை அருகே ஒரு சின்ன கட்டி. அறுத்து எடுத்தும் மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்ததும், கையையே அகற்றலாம் என்றனர் டாக்டர்கள். உடம்பு அதன் இயல்பான முடிவை அடையட்டும் என்று மறுத்துவிட்டார் ரமணர்.

எல்லா சிகிச்சைக்கும் அவர் 'நோ' சொல்லவில்லை. அன்பர்களின் மனதுக்காக 4 ஆபரேஷன், ரேடியம் சிகிச்சை எல்லாம் ஏற்றுக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 மாலை ஆக்சிஜன் கொடுக்க முயன்றபோது, வலது கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது. வயது 70.

நமக்கு என்ன வழி?

ரமணருக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. வென்டிலேட்டரில் நினைவில்லாமல் கிடப்பவரால் கையசைக்க முடியாது. அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை வேறு சொல்வார். முடிவெடுக்கும் பாரம் பிள்ளைகள் தலையில் விழும்.

இதற்காகத்தான் 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் லிவிங் வில்லுக்கு அனுமதி தந்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது.

* 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலை உள்ள யாரும் எழுதலாம்.
* 2 சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும்.
* மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும்.
* நமக்காகப் பேசப்போகிறவர் யார் என்று பெயர் குறிப்பிட வேண்டும்.
* நகலை அவர்களிடமும், குடும்ப டாக்டரிடமும், நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பொறுப்பு அதிகாரியிடமும் கொடுக்க வேண்டும்.
* மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

பிழைக்க வழியே இல்லை என்று 2 மருத்துவக் குழுக்கள் உறுதி செய்தால்தான் சிகிச்சையை நிறுத்துவார்கள். ஊசி போட்டு உயிரை எடுக்க இதில் இடமில்லை.

எழுதுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது முக்கியம். பத்திரம் இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால், அது பீரோவிலேயே தூங்கும்.