மருதையாற்று வெள்ளமும் மந்திரி சாஸ்திரியும்

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. இன்னும் பொழுது விடியவில்லை. சென்னையில் இருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மழை. மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டு பாலத்தை அரித்திருந்தது. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள்.

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்து ஊர்கள். அந்த விபத்தால் அரியலூரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

மத்திய ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. 1904-ல் காசிக்கு அருகே மொகல்சராயில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர். (சாஸ்திரி என்பது சாதிப் பெயர் அல்ல, காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம்.) ஆள் குள்ளம். பேச்சு மெதுவாக இருக்கும்.

செய்தி கேட்டதும் அவர் அதிகாரிகள் மேல் பழி போடவில்லை. மழை மேலும் போடவில்லை. பிரதமர் நேருவிடம் ராஜினாமா கொடுத்தார்.

பாலத்தைச் சோதிப்பது மந்திரியின் வேலையா? அவர் விலகினால் செத்தவர்கள் பிழைத்து வருவார்களா? இந்தக் கேள்விகள் நியாயமானவையே. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சில மாதங்களுக்கு முன்புதான் தெலங்கானா பகுதியில் மெகபூப்நகர் அருகே இதேபோல் ஒரு பாலம் இடிந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதும் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. ஒரு பாலம் போன பிறகு மற்றப் பாலங்களைக் கவனித்திருக்க வேண்டியது ரெயில்வே இலாகாதானே? அந்த இலாகாவின் தலைவர் சாஸ்திரி. ஆகவே, முதல் ராஜினாமாவைப் பெருந்தன்மை என்று சொல்லலாம். இரண்டாவது, செய்தே தீரவேண்டிய கடமை. அதை அவர் மறுபேச்சு இல்லாமல் செய்தார்.

இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் அல்ல, ஆனாலும் பொறுப்பு ஏற்கும் முறை நாட்டில் நிலைக்கவேண்டும் என்பதே அவர் பார்லிமெண்டில் சொன்ன விளக்கம்.

1957 தேர்தலில் அலகாபாத்தில் வென்று சாஸ்திரி மீண்டும் மந்திரி ஆனார். சில மாதத்தில் திரும்பி வந்தவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பதவியை விட்ட அன்று, அது திரும்பக் கிடைக்கும் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

1963-ல் காமராஜர் திட்டப்படி கட்சிப் பணிக்காக மறுபடியும் பதவி விலகினார். 1964-ல் நேரு மறைந்ததும் பிரதமர் ஆனார். 1966 ஜனவரி 11-ந் தேதி, பாகிஸ்தானுடன் சமாதான உடன்பாடு செய்யப் போன தாஷ்கண்ட் நகரில் காலமானார்.