நின்றுபோன பள்ளிக்கூடமும் வீணாகாத உழைப்பும்

அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தந்தையைப் போலவே சட்டத்தரணியானார். பின்னர் கண்டியில் நீதவானாகவும் கடமையாற்றினார். நம் சமூகத்தில் ஆங்கிலம் கற்றவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. அத்தோடு அவர் நின்றிருந்தால் வசதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். நாமும் அவரை மறந்திருப்போம்.

ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான், தனக்குப் பழக்கமில்லாத வேலைகளில் அவர் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினார். 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளைகளின் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சிய நாட்கள் அவை. மார்க்கத்தையும் நவீன கல்வியையும் ஒன்றாகக் கற்பிக்க 1884இல் கொழும்பில் அல் மத்ரஸதுல் கைரிய்யாவைத் திறந்தார். அடுத்த ஆண்டு 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். நாவல் என்ற வடிவமே தமிழுக்குப் புதிதாக இருந்த காலத்தில், இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் ஒரு சட்டத்தரணி. பிள்ளைகளுக்கான பாடநூல்களையும் எழுதினார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை அமைத்தார்.

இவை எல்லாமே வெற்றி பெறவில்லை. கைரிய்யா போதிய ஆதரவின்றி நின்றுபோனது. அன்று கணக்குப் பார்த்தவர்களுக்கு, நீதிமன்றத்தில் உழைத்திருக்க வேண்டிய ஒருவரின் காலமும் காசும் வீணானதாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் 1892இல் மருதானையில் வாப்பிச்சி மரைக்கார், ஒராபி பாஷா ஆகியோருடன் சேர்ந்து மீண்டும் ஒரு பாடசாலையை ஆரம்பித்தபோது, அவர் வெறுங்கையோடு வரவில்லை. பள்ளிக்கூடம் நடத்துவதென்றால் என்ன, அது எதனால் நின்றுபோகிறது என்று நேரில் கண்டிருந்தார். அந்தப் பாடசாலைதான் இன்றைய கொழும்பு ஸாஹிரா கல்லூரி. 1898இல் அவர் வபாத்தானார். 23 ஆண்டுகள் கழித்து, 1921இல் டீ.பி. ஜாயா அதிபராக வந்த பின்னரே அக்கல்லூரி பெரும் வளர்ச்சி கண்டது. அதைப் பார்க்க சித்திலெப்பை இருக்கவில்லை.

அவர் பொழுதுபோக்குக்காக எதையும் தொட்டுப் பார்த்தவரல்லர். பத்திரிகை, பாடசாலை, நாவல், பாடநூல் என வழிகள் மாறின. சமூகம் கல்வி பெற வேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை. அதனால்தான் ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கு உதவியது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில், நம் பிள்ளைகள் தையலோ கணினியோ சிங்களமோ பழக ஆசைப்படுகிறார்கள். பாதியில் விட்டுவிட்டால் நேரத்தை வீணாக்கிவிட்டாய் என்று ஏசுகிறோம். ஏசுவதற்கு முன், அதில் என்ன கற்றாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். சொல்ல அவர்களிடம் ஏதாவது இருக்குமென்றால், அந்த நேரம் வீணாகவில்லை.