703-க்கு 73 உறுப்புகள்: வல்லம் தந்த கணித மேதை எஸ்.எஸ்.பிள்ளை

மும்பை: நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் தாராவி. அதே சீமையில் பிறந்து, எண் கோட்பாட்டில் உலகறிந்த பெயர் பெற்றவர் எஸ்.எஸ்.பிள்ளை. அவர் உயிரைப் பறித்த விமானத்தின் பயணமும் மும்பையில்தான் தொடங்கியது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாயையும், பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தார். செங்கோட்டைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உதவியிராவிட்டால் கல்வி அத்துடன் நின்றிருக்கும். நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை எனப் பயின்று, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருடைய தலைசிறந்த ஆய்வுகள் சிதம்பரத்தில் உருவானவையே.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ எழுதிவிடலாம் என்று 1770-இல் இங்கிலாந்தின் வாரிங் கூறினார். உயர் அடுக்குகளுக்கும் இத்தகைய வரம்பு உண்டு என்றார், நிறுவவில்லை. ஆறாம் அடுக்குக்கு அந்த வரம்பு 73 என்று 1940-இல் நிறுவியவர் பிள்ளை.

703 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே 64, 1 ஆகியவை மட்டுமே பயன்படும். பத்து 64-கள் சேர்ந்தால் 640; எஞ்சியதற்கு 63 ஒன்றுகள் தேவை. ஆக மொத்தம் 73. இதைப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். ஆனால் எண்ணற்ற எண்களுள் எதற்கும் 74 தேவைப்படாது என்று காட்டுவதே கடினம். பிள்ளை சாதித்தது அதைத்தான்.

பொதுச் சூத்திரத்தை அமெரிக்காவின் டிக்சனும் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியே கண்டனர். இருபதாம் அடுக்குக்கு அதைப் பொருத்தினால் 348 கோடியே 65 லட்சத்து 15 ஆயிரத்து 199 என்ற எண் கிடைக்கிறது. 3-இன் இருபதாம் அடுக்கு இதைவிடச் சற்றே பெரிது என்பதால், இவ்வெண்ணுக்கு 10 லட்சத்து 51 ஆயிரத்து 899 உறுப்புகள் வேண்டும். கணினி இல்லாத காலத்தில், காகிதத்தில் எட்டப்பட்ட முடிவு இது.

1941-இல் திருவிதாங்கூருக்கும் மறு ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் சென்ற பிள்ளையை, பின்னர் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டிலும் அவர் பங்கேற்க இருந்தார். மும்பையிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் அவ்விமானம், 1950 ஆகஸ்ட் 31-இல் கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். பிள்ளைக்கு வயது 49.

நான்காம் அடுக்கின் வரம்பு 19 என்பது 1986-இல் நிறுவப்பட்டது. நிறுவிய மூவருள் ஒருவர் சென்னையின் ஆர்.பாலசுப்பிரமணியன். 8, 9 போல ஒன்றே வேறுபாடுள்ள அடுக்கு எண்களின் இணை வேறில்லை என்பது 2002-இல் உறுதியானது. எந்த வேறுபாட்டை எடுத்தாலும் அத்தகைய இணைகள் எண்ணி முடிக்கக்கூடிய அளவிலேயே இருக்கும் என்பது பிள்ளையின் கணிப்பு. அது இன்னும் நிறுவப்படவில்லை.