லூர்து தந்த ஏழைச் சிறுமி

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது லூர்து. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது நாலாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். பாறை மேல் ஒரு பழங்கோட்டை, கீழே காவ் என்னும் ஆறு, சுற்றுப்புறக் குடியானவர் கூடும் சந்தை, ஓடைக்கரைகளில் நீரால் ஓடும் மாவாலைகள். அத்தகைய ஆலை ஒன்றில் 1844 சனவரி 7 அன்று பெர்னதெத் பிறந்தார். தந்தை பிரான்சுவா சூபிரு, தாய் லூயிஸ்.

பிரான்சுவா நல்லவர், ஆனால் கணக்கில் கெட்டிக்காரர் அல்லர். இல்லை என்று வந்தவருக்கெல்லாம் கடனுக்கு அரைத்துக் கொடுத்தார். திரிகைக் கல்லைக் கொத்துகையில் சில்லு தெறித்து ஒரு கண்ணையும் இழந்தார். ஆலை கைவிட்டுப் போயிற்று. 1855-இல் ஊரில் காலரா பரவியது. அதில் பிழைத்த பெர்னதெத்தை ஆஸ்துமா பற்றிக்கொண்டு சாகும்வரை விடவில்லை. 1857-இல் குடும்பம் ஒதுங்கிய இடம், சுகாதாரக் கேடு என்று கைவிடப்பட்ட பழைய சிறை அறை. பெற்றோரும் பிள்ளைகளுமாக ஆறு பேருக்கு அந்த ஓர் அறைதான். அதே ஆண்டு மாவு திருடியதாக ஐயப்பட்டுத் தந்தையைப் பிடித்துச் சென்றார்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, எட்டு நாளில் விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் வாயை யார் அடைப்பது?

பெர்னதெத் அருகிலுள்ள பார்த்ரே கிராமத்தில் தம்மைப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாயின் வீட்டில் ஆடு மேய்த்தார். அந்த அம்மையார் மாலையில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க முயன்றார். மனத்தில் நிற்கவில்லை. வட்டார மொழி தவிரப் பிரெஞ்சு மொழி அவருக்குத் தெரியாது. பதினான்கு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியாது, புதுநன்மையும் வாங்கவில்லை. அதற்காகவே 1858 சனவரியில் ஊருக்குத் திரும்பி, நெவேர் சகோதரிகளின் பள்ளியில் ஏழைச் சிறுமியர் வகுப்பில் சேர்ந்தார்.

பிப்ரவரி 11. வீட்டில் விறகில்லை. தங்கையும் ஒரு தோழியுமாகச் சுள்ளி பொறுக்க மசபியேல் பாறைக்குப் போனார்கள். மற்ற இருவரும் குளிர்ந்த கால்வாயைக் கடந்துவிட்டனர். பெர்னதெத் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காற்று வீசும் ஓசை கேட்டது, மரங்களோ அசையவில்லை. பாறைக் கெபியில் வெள்ளுடை அணிந்த அழகிய பெண்ணைக் கண்டார். சூலை 16 வரை பதினெட்டு முறை அக்காட்சி கிடைத்தது.

பிப்ரவரி 25 அன்று கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க அவர் மண்ணைக் கையால் தோண்டி, கலங்கிய நீரைக் குடித்து, முகமெல்லாம் சேறாக எழுந்தார். பலர் பைத்தியம் என்று சிரித்தார்கள். ஆனால் அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது. காவல்துறை அதிகாரி ஜாக்கோமே விசாரித்தார். சிறுமி சொன்னதை மாற்றி எழுதிப் படித்துக்காட்டிய போதெல்லாம் அவர் அஞ்சாமல் திருத்தினார். பங்குக் குரு பெய்ரமால் கண்டிப்பானவர். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டுவரச் சொன்னார். கெபியிலுள்ள காட்டு ரோசா பூக்கட்டும் என்றார். ரோசா பூக்கவில்லை. மார்ச் 25 அன்று பெயர் தெரிந்தது. தாமே அமலோற்பவம் என்று அப்பெண்மணி வட்டார மொழியில் கூறியதை, மறந்துவிடாதபடி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே குருவிடம் ஓடினார் பெர்னதெத். பொருள் அவருக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அந்த விசுவாச சத்தியத்தை அறிவித்திருந்தார். குரு தடுமாறிப்போனார்.

நான்காண்டு விசாரணைக்குப் பின், 1862-இல் ஆயர் லோரன்ஸ் காட்சிகள் உண்மையென அறிவித்தார். 1864-இல் கெபியில் சலவைக்கல் சுரூபம் வைத்தார்கள். நம் ஊர்க் கெபிகளில் காண்பதெல்லாம் அதன் பிரதிகளே. பெர்னதெத்துக்கோ அதில் மனநிறைவு இல்லை. தாம் கண்ட அன்னை அப்படி இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

பார்க்க வருவோர் தொல்லை பெரிதாயிற்று. பணத்தைக் கையில் திணிப்பார்கள். வறுமையிலும் அவர் ஒரு காசு தொட்டதில்லை. 1866 சூலையில் லூர்தை விட்டு, வெகு தொலைவிலுள்ள நெவேர் மடத்தில் சேர்ந்தார். வந்த மறுநாள் எல்லாச் சகோதரிகளுக்கும் ஒருமுறை காட்சிகளை விவரிக்கச் செய்தார்கள். அதன்பின் அதைப்பற்றிப் பேசக்கூடாது என்பது கட்டளை. அவ்வாண்டு திசம்பர் 8 அன்று தாய் இறந்தார். மகள் அருகில் இல்லை.

மடத்து வாழ்வும் மெத்தையாக இல்லை. நவகன்னியர் தலைவி அவரிடம் கடுமையாகவே நடந்துகொண்டார். 1867-இல் வார்த்தைப்பாடு முடிந்து, ஒவ்வொருவருக்கும் ஊரும் வேலையும் குறித்தபோது, இவர் ஒன்றுக்கும் உதவாதவர் என்று எல்லார் முன்பும் தலைமைத் தாயார் ஆயரிடம் கூறினார். ஆயர் அவருக்குச் செபிக்கும் பணியைக் கொடுத்தார். பின்னர் நோயாளிகள் அறையில் உதவியாளரானார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நகைச்சுவையும் உண்டாம்.

எலும்புருக்கி முழங்காலைத் தாக்கியது. 1876-இல் லூர்துப் பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோது அவர் நெவேரில்தான் இருந்தார். மீண்டும் அந்தக் கெபியைப் பார்க்கவே இல்லை. 1879 ஏப்ரல் 16 அன்று, 35 வயதில், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். 1933 திசம்பர் 8 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

இன்று லூர்துக்குப் போகிறவர்கள் கெபியோடு அந்தச் சிறை அறையையும் பார்க்கலாம். நான்கு எட்டில் கடந்துவிடக்கூடிய அறை. ஆனால் பெர்னதெத்தின் உடல் அங்கு இல்லை. அது நெவேர் மடத்துக் கோவிலில், கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.