ஒலிவாங்கியின் முன் ஆர்சன் வெல்ஸ்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் வானொலிப் பெட்டி வெறும் பொழுதுபோக்குப் பொருளாய் இருந்ததில்லை. புயல் உருவாகியிருக்கிறது, கடலுக்குச் செல்ல வேண்டா என்று சென்னை வானொலி அறிவித்தால் கட்டுமரங்கள் கரையேறும். முகம் காணாத குரலை நம்பி அன்றைய வருவாயை இழக்கத் துணிந்தவர்கள் அம்மக்கள். அந்நம்பிக்கையின் பெருமதிப்பை உணர்ந்தாலன்றி, ஆர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர் 1938ஆம் ஆண்டில் நிகழ்த்தியதன் பொருள் நமக்கு விளங்காது.

வெல்ஸ் 1915 மே 6 அன்று விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயையும் பதினைந்து வயதில் தந்தையையும் இழந்தார். பதினாறாம் வயதில் அயர்லாந்து சென்று, தாம் நியூயார்க்கில் புகழ்பெற்ற நடிகர் என்று சொல்லி டப்ளின் நகரின் கேட் அரங்கில் வேடம் பெற்றார். பொய்யை மெய்போல் உரைக்கும் கலை அன்றே கைவந்துவிட்டது போலும்! 1937இல் ஜான் ஹவுஸ்மனுடன் இணைந்து மெர்க்குரி நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு அக்குழு கொலம்பியா வானொலியில் வாரந்தோறும் ஒரு நூலை நாடகமாக்கி நேரலையாக வழங்கலாயிற்று.

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு எட்டு மணி. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாடகமாயிற்று. செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தில் வந்திறங்கும் அக்கதையை, எழுத்தாளர் ஹோவர்டு கோச் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் என்னும் சிற்றூருக்கு மாற்றினார். நடன இசை ஒலிக்கும், இடையே செய்தி குறுக்கிடும், மீண்டும் இசை. நிருபராக நடித்த பிராங்க் ரெடிக், 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது செய்தியாளர் கதறிய ஒலிப்பதிவைக் கேட்டுப் பயின்றிருந்தார். அவர் பேச்சு பாதியில் அறுபடும். அதன்பின் சில நொடிகள் முழு மௌனம். கல்லூரி மேடையில் இத்தகைய நாடகம் நிகழ்த்த விழையும் மாணவர்கள் அந்த மௌனத்தையே முதலில் பயிலவேண்டும் என்போம். இடிமுழக்கம் செய்ய இயலாததை அது செய்தது.

நாடகம் என்னும் அறிவிப்பு தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலும் தரப்பட்டது. ஆயினும் இடையில் கேட்கத் தொடங்கிய சிலர் மெய்யெனக் கொண்டு அஞ்சினர். காவல் நிலையங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. நாடே நடுங்கியதாக மறுநாள் நாளேடுகள் எழுதியது மிகை என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. மறுநாள் செய்தியாளர்முன் நின்ற வெல்ஸ் வருத்தம் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 23. தண்டனை ஏதும் வரவில்லை. விளம்பரம் தர முன்வராதிருந்த அந்நிகழ்ச்சிக்குக் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் ஆதரவே கிட்டியது!

எங்கும் இவ்வாறு முடியவில்லை. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டுக் கீட்டோ வானொலி இதே கதையை ஒலிபரப்பியபோது, ஏமாற்றப்பட்டதறிந்த மக்கள் வெகுண்டு நிலையக் கட்டடத்துக்குத் தீயிட்டனர். சிலர் உயிரிழந்தனர். விளையாட்டாகக் கையாளப்பட்டது எத்தகைய பொருள் என்பதைக் கடற்கரைக் குப்பத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வெல்ஸ் திரைத்துறை புகுந்து 1941இல் 'சிட்டிசன் கேன்' படத்தை இயக்கி நடித்தார். பின்னாளில் பணமுடையால் அவர் தொடங்கிய படங்கள் பல நிறைவுறாமலே நின்றன. 1985 அக்டோபர் 10 அன்று, எழுபதாம் வயதில் காலமானார். அவரது சாம்பல் 1987இல் ஸ்பெயின் நாட்டு ரோண்டாவில் நண்பர் ஒருவரின் பண்ணைக் கிணற்றில் வைக்கப்பட்டது.